திரையில்லா வீடும் நிழல் நாயும்

பொதுமக்களின் நலன் கருதி மேலிடத்தில் ஒரு காரியம் தொடங்கினால், பொதுமக்கள் கதவைச் சாத்திக்கொள்வது நல்லது. இது என் அறுபத்தெட்டு வருட அனுபவம்.

இந்த முறை நலன் என் பேத்தியைத் தேடி வந்தது. நாலு வயது, வீட்டில் வாலு என்று கூப்பிடுவோம். அவளைப் பாலர் வகுப்பில் சேர்க்க 'திரையில்லா இல்லச் சான்று' வேண்டுமாம். திரை பார்த்துக் குழந்தைகள் கெட்டுப்போகிறார்களாம். வீட்டிலேயே செய்த விளையாட்டுகள் மட்டும் உள்ள வீட்டுக்குத்தான் இடமாம். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

"இந்த வருஷம் விட்டா வயசு தாண்டிடும்ப்பா. வீட்டைச் சோதிக்க ஆள் வரும்போது தயவுசெஞ்சு வாயைக் கொடுக்காதீங்க," என்றாள் என் மகள்.

எனக்கென்ன பயம்? எங்கள் வீட்டில் டிவியே கிடையாது. அட்டைப்பெட்டிக் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் பெட்டி மடித்தவன் நான். ஒரு பெட்டி கிடைத்தால் வாலுவுக்கு அது பஸ். கவிழ்த்தால் கடை. ஓட்டை போட்டால் தபால்பெட்டி. பழைய காலுறையில் இரண்டு பொத்தான் தைத்தால் முயல். எல்லாவற்றுக்கும் மேலே நிழல் நாய். காலை வெயில் ஜன்னலில் விழும்போது, ஜன்னலுக்கும் திரைக்கும் நடுவில் புகுந்துகொண்டு விரலை மடக்கிக் குரைப்பேன். துணியில் நாய் வாயைத் திறக்கும். வாலு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதற்கு பிஸ்கட் ஊட்டுவாள். தின்பது நான்தான்.

வியாழக்கிழமை காலை திரை ஒழிப்பு அலுவலர் வந்தபோது நான் நாயாக இருந்தேன்.

"வீட்டுல பெரியவங்க யாரும் இல்லையா பாப்பா?"

"தாத்தா குரைச்சிட்டிருக்கார்."

வேட்டியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தேன். அலுவலர் பஸ்ஸைப் பார்த்து ஒரு டிக் அடித்தார். முயலைப் பார்த்து ஒரு டிக். பிறகு ஜன்னலைப் பார்த்தார். பேனா நின்றது.

"இது என்ன?"

"திரைங்க. ஜன்னல் திரை."

"நீங்களே ஒத்துக்கிட்டீங்க."

"சார், திரைன்னா டிவி, போன் அந்த மாதிரி..."

"டிவின்னா டிவின்னு போட்டிருப்பாங்களே! சுற்றறிக்கையில திரைன்னுதான் இருக்கு. டிவி மின்சாதனம், அது வேற துறை. இதுகூடச் சும்மா தொங்கினா மேலிடத்துல சொல்லிப் பார்க்கலாம். இதுல படம் ஓடுதே பெரியவரே!"

"நாய் சார். என் கைதான்."

"தினமும் ஓடுமா?"

"ஞாயித்துக்கிழமை யானையும் வரும்," என்றாள் வாலு. பெற்ற பிள்ளையின் பிள்ளையே காட்டிக் கொடுத்தால் யாரை நோவது?

அலுவலர் எழுதிக்கொண்டார்: 'மேற்படி இல்லத்தில் திரை ஒன்று உளது. அதில் நாய் சம்பந்தப்பட்ட படம் தினசரி காண்பிக்கப்படுகிறது. ஞாயிறன்று சிறப்புக் காட்சி.'

"எதிர்வீட்டைப் பாருங்க," என்றார் போகும்போது. "பேரனுக்காக நேத்தே எல்லாத் திரையையும் கழட்டிட்டார். முன்மாதிரி இல்லம்! நாளைக்குள்ள நீங்களும் கழட்டுங்க."

கழற்ற ஏணி வேண்டும். என் ஏணி அதே முன்மாதிரி இல்லத்தில் இருந்தது. சுவர் அகலத்துக்கு ஒரு டிவி வாங்கி, அதை மாட்டுவதற்காக எதிர்வீட்டுக்காரர் வாங்கிப்போனது. "நாளைக்குத் தரேன்" என்றார். அந்த நாளை வராமல் மூன்று வருடம் ஆயிற்று. போய்க் கேட்டேன்.

"பத்திரமாத் திருப்பிக் கொடுத்துடுங்க, என்ன?" என்றார், என் ஏணியை என்னிடம் நீட்டி.

மகள் கெஞ்சியதை நினைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு திரையைக் கழற்றினேன். சான்று வந்தது. இடமும் கிடைத்தது.

மறுநாள் காலை ஜன்னலில் நின்று விரலை மடக்கினேன். துணி இல்லாததால் நாய் எதிர்ச்சுவர் வரை ஓடி, மங்கி, ஆமை போல ஆகிவிட்டது. வாலு ஆமையை மதிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"தாத்தா, அங்க நிஜ நாய்!"

எதிர்வீட்டில் திரை இல்லை. எங்கள் வீட்டிலும் இல்லை. நடுவில் பத்தடித் தெரு. அந்த டிவியில் கன்றுக்குட்டி அளவு நாய் ஒன்று கலரில் ஓடிக்கொண்டிருந்தது. "பார்க்காதே" என்று அதட்டினேன். பிறகு, குழந்தை என்ன பார்க்கிறது என்பதைக் கண்காணிக்கும் பொருட்டு, நானும் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டேன். ஒரே வாரத்தில் எங்கள் வரிசையில் சான்று பெற்ற எல்லா வீட்டிலும் ஜன்னலோரம் நாற்காலி வந்துவிட்டது. அட்டை பஸ் ஓட்டுநர் இல்லாமல் மூலையில் நிற்கிறது.

நேற்று எதிர்வீட்டுக்காரர் வந்தார். "தெருவே எங்க வீட்டை முறைக்குது. நிம்மதியா ஒரு வாய் சாப்பிட முடியல. திரையை மாட்டிடுறேன், அந்த ஏணியைக் கொஞ்சம் கொடுங்க."

"மாட்டினா பேரனோட சீட்டு போயிடும் சார். சட்டம்னா சட்டம்."

"சரி, ஏணியையாவது கொடுங்களேன்."

"நாளைக்குத் தரேன்," என்றேன்.

"தாத்தா, நகரு! மறைக்குது!" என்று உள்ளேயிருந்து வாலு கத்தினாள்.

திரும்பிப் போனவரை நான்தான் கூப்பிட்டேன். "சார், சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டி வையுங்க. இந்தப் பக்கம் சரியாவே கேக்கல."