முதுகுக்குப் பின்னால் மூன்று வெள்ளி

“நான் முதுகைத் திருப்பிக்கிட்டு நிக்கிறேன். நீங்க எந்த வெள்ளியை வேணும்னாலும் கல்லுல தட்டுங்க. அதுல இருக்கிறது எந்த ராஜா, எந்த வருஷத்து ராஜா, அச்சடிச்ச அன்னைக்கு அவருக்குச் சளி பிடிச்சிருந்ததா இல்லையாங்கிற வரைக்கும் சத்தத்தை வச்சே சொல்றேன்!”

பினாங்கு பிட் தெருவில், பணம் மாற்றும் மீரா சாகிப்பின் கடை முன்னால் நின்றுகொண்டு நோட்டக்காரர் சின்னையா இப்படி ஒரு போடு போட்டார். கடைக்கு எதிரே மாடு ஒன்று அசை போட்டுக்கொண்டிருந்தது. அதுகூட ஒரு கணம் நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது.

நோட்டக்காரர் என்றால் வெள்ளி நாணயத்தைத் தட்டிக் கேட்டு, நல்லதா கள்ளதா என்று தீர்ப்புச் சொல்கிறவர். கடற்கரைத் தெருவில் ஒரு சரக்குக் கம்பெனியில் இருபது வருஷமாகச் சின்னையாவுக்கு அதுதான் உத்தியோகம். அவர் “ம்” என்றால் மூட்டை ஏறும். “ம்ஹூம்” என்றால் கப்பலே நிற்கும்.

அது 1904ஆம் வருஷம். பழைய அந்நிய வெள்ளிகள் இனிச் செல்லாது, புது வெள்ளிதான் செல்லும் என்று சர்க்கார் அறிவித்திருந்தது. ஊர் முழுக்கப் பழைய நாணயங்கள் உலைக்குப் போய்க்கொண்டிருந்தன. சின்னையா மட்டும் தன் சம்பளத்தைக் கொடுத்து அதில் அபூர்வமானவற்றைப் பொறுக்கி எடுத்துப் பிஸ்கட் டின் ஒன்றில் சேர்த்து வைத்தார். மொத்தம் பத்தொன்பது.

“வெள்ளின்னா எடை ஓய்!” என்றார் மீரா சாகிப். அவர் சாதாரணமாகப் பேசினாலே கடலுக்கு அந்தப் பக்கம் பிறை என்ற ஊரில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். “ராஜா மூஞ்சிக்கு எவன் காசு குடுப்பான்? நீர் சொன்னபடி மூணு வெள்ளியைச் சொல்லிட்டா, என்கிட்ட இருக்கிற, கப்பல் படம் போட்ட ஒல்லாந்து வெள்ளி உமக்கு. தப்பினா உம்ம டின் எனக்கு. உருக்கி ஒரு பன்னீர்ச் செம்பு பண்ணிக்கிறேன்லா.”

“சம்மதம். வர்ற வெள்ளிக்கிழமை!” என்றார் சின்னையா. வாய் சொன்ன பிறகுதான் டின் நினைவுக்கு வந்தது.

ஆனால் பயப்படவில்லை. காது இருந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் காது இருந்தது.

திங்கட்கிழமை கடலில் குளித்தபோது வலது காதில் தண்ணீர் புகுந்துகொண்டது. மனைவி நல்லம்மாள் பூண்டு போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றினாள். உள்ளே போன எண்ணெய் தண்ணீருக்குத் துணையாக அங்கேயே தங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை மஞ்சளைச் சுட்டுப் புகை பிடித்தார்கள். புகை இடது காதையும் அடைத்தது. புதன்கிழமை, காது குடையும் சீனக் கிழவர் கோழி இறகோடு வந்து அரை மணி நேரம் குடைந்தார். இருந்த கொஞ்சநஞ்சச் சத்தத்தையும் இறகிலே சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை கோட்டையில் பீரங்கி வெடித்தது. காக்காயெல்லாம் பறந்தன. “நல்லம்மா, யாரோ கதவைத் தட்டுறாங்க பாரு” என்றார் சின்னையா.

நல்லம்மாள் தலையில் அடித்துக்கொண்டு, அவர் காதருகே வந்து கத்தினாள். “போய் முடியலைன்னு சொல்லிட்டு வாங்களேன்!”

“சொன்னா, காது போச்சுன்னு கம்பெனிக்குத் தெரிஞ்சிடும். செவிட்டு நோட்டக்காரனை எவன் வச்சிப்பான்? சும்மா இருந்தா டின் போயிடும்.”

அவர் டின்னைத் திறந்தார். நாணயங்களைப் பார்க்கும்போது மட்டும் அவருக்குக் காது தேவைப்படவில்லை. ஸ்பெயின் ராஜாவின் வெள்ளியில் பின்பக்கம் இரண்டு தூண்கள். மலாய்க்காரர்கள் அதைப் பீரங்கி என்று நினைத்து, பீரங்கி வெள்ளி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். உண்மையில் அவை, உலகத்தின் எல்லையில் நிற்பதாகப் பழங்காலத்தார் நம்பிய தூண்கள். ‘இதற்கு அப்பாலும் இருக்கிறது’ என்று அதில் எழுதியிருப்பதாக ஒரு பாதிரியார் அவருக்குப் படித்துச் சொன்னார். எங்கேயோ அமெரிக்க மலையில் வெட்டிய வெள்ளி, எத்தனையோ கடல் தாண்டி, மிளகுக்கும் கிராம்புக்கும் கை மாறி, கடைசியில் சூலியா தெருச் சந்தில் ஒரு பிஸ்கட் டின்னில் வந்து படுத்திருக்கிறது. அப்பாலுக்கும் அப்பால். அதைப் போய்ப் பன்னீர்ச் செம்பாக்குவதா?

“ஏங்க, எனக்குத்தான் இவங்க எல்லாரையும் தெரியுமே!” என்று நல்லம்மாள் திடீரென்று அவர் காதில் கத்தினாள். மாதாமாதம் துணியால் துடைத்து வைப்பவள் அவள். அவளுக்கு ராஜா பெயரெல்லாம் வராது. அவளே பெயர் வைத்திருந்தாள்.

ஸ்பெயினின் நாலாம் சார்லசு அவளுக்கு ‘மூக்கர்’. ஆஸ்திரியா மகாராணி ‘குண்டம்மா’. அந்த அம்மாள் 1780இல் காலமான பிறகும், அரபு வியாபாரிகள் வேறு வெள்ளியைத் தொடமாட்டோம் என்றதால் அதே முகம், அதே வருஷம் என்று இன்னமும் அடித்துக்கொண்டேயிருக்கிறார்கள். இன்னொன்று ‘அப்பன்மூஞ்சி’. ஸ்பெயினில் அப்பா ராஜா இறந்து மகன் பட்டத்துக்கு வந்தபோது, நாணயம் அடிக்கிற மெக்சிக்கோவுக்கு மகனின் படம் கப்பலில் போய்ச் சேரவில்லை. அதனால் மகன் பெயரைப் போட்டு அப்பன் முகத்தையே அடித்துவிட்டார்கள்.

திட்டம் தயாரானது. போட்டி சின்னையா வீட்டில், அவர் டின்னில் இருக்கிற வெள்ளிகளை வைத்தே. அவர் சமையலறைப் பக்கம் பார்த்து நிற்பார். நல்லம்மாள் கதவருகே உட்கார்ந்து அரிசி புடைப்பாள். மூக்கர் வந்தால் மூக்கைத் தொடுவாள். குண்டம்மா வந்தால் கன்னத்தை உப்புவாள். அப்பன்மூஞ்சி வந்தால் மீசையை முறுக்குவாள். இப்படிப் பத்தொன்பதுக்கும் ஒவ்வொரு சாடை.

“எனக்கேது மீசை?”

“இருக்கிற மாதிரி முறுக்கு!”

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து மீரா சாகிப் வந்தார். பின்னாலேயே பிட் தெருவில் பாதி வந்தது. வாசலில் இடமில்லாமல் இரண்டு பேர் சன்னலில் தொங்கினார்கள். சாகிப் கருங்கல் பலகையைத் தரையில் வைத்து, டின்னைத் திறந்து கையை விட்டார்.

சின்னையா முதுகைத் திருப்பினார். காதுக்குள் கடல் இரைந்தது. அதற்கு அப்பால், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, “ம், சொல்லும்!” என்ற சாகிப்பின் குரல் மட்டும் கேட்டது.

நல்லம்மாள் மூக்கைத் தொட்டாள்.

“ஸ்பெயின். நாலாம் சார்லசு. பீரங்கி வெள்ளி!”

கூட்டம் ஆரவாரித்தது. சின்னையாவுக்கு அது காதில் விழவில்லை. தரை அதிர்ந்ததில் காலில் தெரிந்தது.

“ம், சொல்லும்!”

நல்லம்மாள் கன்னத்தை உப்பினாள். உற்சாகத்தில் கொஞ்சம் அதிகமாகவே உப்பிவிட்டாள். சின்னையா சிரிப்பை விழுங்கிக்கொண்டு, “ஆஸ்திரியா மகாராணி. 1780. அம்மாவுக்கு அன்னைக்குச் சளி இல்லை” என்றார்.

மறுபடி தரை அதிர்ந்தது. சன்னலில் தொங்கிய ஒருவன் கை தட்டப் போய்க் கீழே விழுந்தான்.

இன்னும் ஒன்றுதான். இந்தத் தடவை சாகிப் நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, மெதுவாக என்றால் எதிர்க்கரைப் பட்டர்வொர்த் வரைக்கும் மட்டும் கேட்கும்படியாக, “ம், சொல்லும்!” என்றார்.

சின்னையா மனைவியைப் பார்த்தார். அவள் மூக்கைத் தொடவில்லை. கன்னத்தை உப்பவில்லை. மீசையும் முறுக்கவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் அகல விரித்துக் காட்டினாள்.

இது அவர்கள் பேசி வைத்த சாடை இல்லை. அவர் புருவத்தைத் தூக்கினார். அவள் மறுபடியும் கையை விரித்தாள், உதட்டையும் பிதுக்கினாள். தெரியவில்லை என்கிறாளா? தன்னால் முடியாது, கைவிட்டேன் என்கிறாளா?

வாய்க்கு வந்த ஒரு ராஜாவைச் சொல்லிவிடலாம். பத்தொன்பதில் ஒன்று விழாதா? நாக்கு நுனி வரை ஒரு பெயர் வந்துவிட்டது.

அங்கேயே நின்றது.

இருபது வருஷத்தில் எத்தனை கள்ள வெள்ளியைப் பிடித்திருப்பார்! மேலே பளபளப்பு, உள்ளே ஈயம். கூசாமல் தூக்கித் தனியே போடுவார். இன்று இந்த வீட்டுக்குள் ஒரு கள்ள வெள்ளி நிற்கிறது, அது தான்தான் என்று அவருக்குப் பட்டது. ராஜாக்கள் எல்லாரும் டின்னுக்குள்ளிருந்து தன் முதுகையே பார்ப்பது போலிருந்தது. டின் போகட்டும். கம்பெனி போகட்டும். நோட்டம் பொய்யாகக் கூடாது.

அவர் மெதுவாகத் திரும்பினார். தலை குனிந்திருந்தது.

“சாகிப்,” என்றார். “சத்தியமாச் சொல்றேன். எனக்கு ஒண்ணுமே கேக்கல.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். சாகிப்பின் வாய் திறந்தபடி இருந்தது. அவர் நெற்றியில் வேர்வை துளிர்த்து, தாடி வழியாக இறங்கியது. வலது கையின் மூடிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். கல்லின் பக்கம் போகாமலேயே அப்பன்மூஞ்சி அவர் உள்ளங்கையில் சூடாக உட்கார்ந்திருந்தது.

“யா அல்லா! இந்தத் தடவை நான் தட்டவே இல்லையே ஓய்! அதையும் காதால கண்டுபிடிச்சிட்டீரே. நம்பாதவன் நானே சொல்றேன், எல்லாரும் கேட்டுக்குங்க, இந்த மனுசன் காது நெசம்!”