இலவச வகுப்பில் ஒரு சகோதரி

இனி வாடிக்கையாளரைத் தேடி நான் அலையப் போவதில்லை, அவர்களே என்னைத் தேடி வருவார்கள் என்று ஒரு காலைப்பொழுதில் முடிவு செய்தேன். மனைவியிடம் அறிவித்தேன். அவள் அப்போது சமையலறை அலமாரிக் கதவைத் தோளால் முட்டுக்கொடுத்தபடி, உள்ளேயிருந்து சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிங்க வருவாங்க? வழி தெரியுமா?"

"வெபினார் நடத்தப் போறேன். போன் வழியா வகுப்பு. இலவசமா."

"கடையில இப்பவும் இலவசமாத்தானே உக்காந்திருக்கீங்க."

உண்மைதான். சமையலறை அலமாரி செய்து பொருத்துவது என் தொழில். சில மாதங்களாகக் கடைக்குள் ஈ கூட வந்து விலை விசாரிக்கவில்லை. அதே தொழில் செய்யும் எதிர்க்கடைக்காரனோ வாசலில் வண்ண விளக்குப் போட்டிருந்தான். என் மைத்துனன், தன் கிடங்கில் எனக்காக ஒரு நாற்காலி காலியாக இருப்பதாக அக்காவான என் மனைவியிடம் சொல்லியிருந்தான். உலகத்தில் எத்தனையோ நாற்காலிகள் உண்டு. மைத்துனன் போடும் நாற்காலியில் மட்டும்தான் முள் முளைக்கும். இந்த மாதமும் கடை ஓடாவிட்டால் அதில்தான் நான் உட்கார வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான், இலவச வெபினார் நடத்தி வியாபாரத்தைப் பெருக்குவது எப்படி என்று ஓர் இளைஞர் இலவச வெபினாரில் சொன்னார். தாராளமாகச் சொல்லிக்கொடு. கடைசியில் யாராவது ஒருவர் குறையைப் பிடித்துக்கொள். எல்லார் முன்னாலும் தீர்த்துவைப்பதாக வாக்குக் கொடு. தீர்த்தும் காட்டு. அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்துவிட்டால் போதும், மற்றவர்கள் கடை வாசலில் வரிசையில் நிற்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை படுக்கையறையில் போனை நிறுத்தினேன். சுவரின் ஈரக்கறையைப் போர்வையால் மறைத்தேன்.

"பாத்திரம் உருட்டாதே. மிக்சி போடாதே."

"மூச்சு விடலாமா?"

"மெதுவா விடு."

"நீங்க பேசறதை நானும் கேக்கலாமா?"

"உனக்கு எதுக்கும்மா? இது சமையலறையைப் பத்தினது."

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு கதவை மிகவும் மரியாதையாகச் சாத்திக்கொண்டு போனாள். அந்த மரியாதையை நான் கவனித்திருக்க வேண்டும்.

எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்தார்கள். நான் பேசினேன். ஈரம் எப்படிப் பலகைக்குள் நுழைகிறது, கீல் ஏன் தளர்கிறது, எல்லாம் சொன்னேன். "அலமாரிங்கறது வெறும் பலகை இல்லீங்க, அக்கறை. சமைக்கிறவங்களோட தோள் வலியைத் தெரிஞ்சுக்காதவன் உளியைத் தொடவே கூடாது" என்றேன். என் பேச்சில் எனக்கே கண் கலங்கியது.

அப்போது திரையில் ஒரு கேள்வி விழுந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "ஒரு சகோதரி" என்று இருந்தது.

"சார், எங்க வீட்டு அலமாரிக் கதவு கீல் விட்டுத் தொங்குது. வீட்டுக்காரர் நாளைக்கு நாளைக்குன்னே சொல்றார்."

பிடித்துக்கொள்ள ஒரு குறை கிடைத்துவிட்டது!

"அந்த மனுஷன் ஒரு மனுஷனா?" என்றேன். திரை முழுக்க இதயங்கள் மிதந்தன. "சகோதரி, அவருக்கு என்ன வேலை?"

"உங்க தொழில்தான் சார். இதே ஏரியாதான்."

எனக்குப் புல்லரித்தது. இந்த வட்டாரத்தில் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். அப்படியானால் மற்றவன்தான்! எதிர்க்கடைக்காரன் மனைவியே என்னிடம் வந்து அழுகிறாள்! வண்ண விளக்குப் போட்டால் ஆயிற்றா?

"ஊருக்கெல்லாம் அலமாரி, பெண்டாட்டிக்குத் தொங்கும் கதவு! வெட்கமா இல்லை?" என்று கர்ஜித்தேன். "சகோதரி, நாளைக்குக் காலையில உங்க வீட்டுல இருப்பேன். மொத்த அலமாரியும் புதுசு. இலவசம். எல்லாரும் நேரலையில பாக்கலாம். முகவரி போடுங்க!"

முகவரி வந்தது. எதிரியின் மானக்கேடு எல்லார் காதிலும் விழ வேண்டுமே. உரக்க வாசித்தேன்.

"பள்ளிக்கூடத்துக்குப் பின்தெரு." அட, நம் தெரு. "அச்சகத்துக்கு மேல்மாடி." நம் வீட்டுக்குக் கீழேயும் ஓர் அச்சகம் உண்டு. "நீலக் கதவு."

அந்தக் கதவுக்கு நீலம் அடித்தவன் நான்.

வகுப்பு எப்படி முடிந்தது என்று நினைவில்லை. மனைவி டீயோடு வந்தாள்.

"தொண்டை வறண்டிருக்கும், குடிங்க."

"இது நியாயமா?"

"மனுஷனான்னு கேட்டது நீங்கதானே? நான் அதுக்குப் பதிலே போடலியே."

"முடியாதுன்னு சொல்லிடறேன்."

"சொல்லுங்க. எல்லாரும் காலையில போனும் கையுமா உக்காந்திருப்பாங்க. எதிர்க்கடை அண்ணன் உள்பட."

"அவன் எப்படி வந்தான்?"

"அவர் சம்சாரம்தான் எனக்கு இதுல சேரவே சொல்லிக்குடுத்தா."

மறுநாள் காலை போன் முன்னால் உளி பிடித்தேன். பழைய அலமாரியைக் கழற்றினேன். புதிய பலகை, புதிய கீல். எல்லாம் கடையில் விற்காமல் கிடந்த முதல் தரச் சரக்கு. மாலையில் வேலை முடிந்தது. அவள் வந்து சர்க்கரை டப்பாவை எடுக்கக் கதவைத் திறந்தாள்.

கதவு தன்பாட்டுக்கு நின்றது. அவள் தோள் மட்டும் தானாக மேலே எழும்பி, அங்கே இல்லாத பாரத்தைத் தாங்கியது. எத்தனை வருஷப் பழக்கம் அது. விழாத திருகாணியைத் தேடுவதுபோல நான் குனிந்துகொண்டேன்.

நிமிர்ந்தபோது திரையில் செய்திகள் குவிந்திருந்தன. எல்லாம் ஒரே கேள்வி. "அந்த அம்மா என்ன சொல்றாங்க? அவங்க நல்லாருக்குன்னு சொல்லட்டும், எங்க வீட்டுக்கும் போட்டுக்கறோம்."

போனை அவள் பக்கம் திருப்பினேன். "சொல்லும்மா. ஒரு வார்த்தை. இல்லேன்னா உன் தம்பி கிடங்குக்குத்தான் நான் போகணும்" என்று காதோடு கெஞ்சினேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். போனைப் பார்த்துச் சிரித்தாள்.

"கை சுத்தமான வேலைங்க. ஆனா ஒரே அறையைப் பாத்துட்டு ஒருத்தரைப் பத்தி முடிவா சொல்றது தப்பில்லையா? படுக்கையறை இருக்கு, குளியலறைக் கதவு இருக்கு. அதையும் பாத்துட்டுச் சொல்றேன். தினமும் வந்து பாருங்க. அவசரம்னா, கடையிலதான் இருப்பேன், நேர்ல வந்து கேட்டுக்குங்க."

கடையில் இப்போது கூட்டம் நெரிகிறதாம். மனைவிதான் சொன்னாள். நான் இன்னும் குளியலறைக் கதவை விட்டு வெளியே வரவில்லை.