வேந்தன் வெந்த கதை

தாராவியில் பிறந்து வளர்ந்தவர்களில் பலருக்குத் தமிழ் வாயிலும் காதிலும்தான் இருக்கும். கைக்கு வராது. எங்கள் வீட்டில் திருநெல்வேலித் தமிழ், தெருவில் பம்பாய் இந்தி, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம். தமிழ் எழுத்துகளை நான் படங்களாகத்தான் பார்த்திருந்தேன். தொண்ணூறு அடி ரோட்டிலிருக்கும் பலசரக்குக் கடையின் பெயர்ப்பலகையைக் கடகடவென்று ‘படிப்பேன்’. அது யார் கடை என்று ஏற்கெனவே தெரியும், அவ்வளவுதான்.

இது ஒரு குறை என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. ஏனென்றால் என் கைக்கு வேறொரு பெருமை இருந்தது. பெருநாளுக்கு முந்தின இரவு எங்கள் சந்தில் பாதிப் பெண்கள் மெஹந்தி வைத்துக்கொள்ள என்னிடம்தான் வருவார்கள். மயில், மாங்காய், கொடி என்று எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன் (சில மயில்கள் அப்படித்தான் இருக்கும்).

பன்னிரண்டாவது முடித்திருந்தேன். மாட்டுங்காவில் காலேஜ் திறக்க இன்னும் நாளிருந்தது. அப்போதுதான் பினாங்கிலிருந்து சாச்சி போன் செய்தார். சாச்சி என்றால் உம்மாவின் தங்கை. கல்யாணமாகி மலேசியா போய், அங்கே ஒரு சின்ன அழகு நிலையம் வைத்திருக்கிறார். கல்யாண சீசன், மெஹந்தி போட ஆள் போதவில்லை, பிள்ளையை அனுப்பு என்றார்.

வாப்பா தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர். பெண் பிள்ளை தனியாகக் கடல் தாண்டி வேலைக்குப் போவதா என்று தையல் மிஷினை நிறுத்தாமலேயே மறுத்துவிட்டார். உம்மா விடவில்லை.

“வேலைக்கு ஏன் போறா? ஊரு பாக்கத்தான் போறா. பாத்த நேரம் போக மிச்ச நேரத்துல சாச்சிக்குக் கை குடுப்பா.”

மிஷின் நின்றது. எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று பொருள்.

பினாங்கு விமான நிலையத்தில் என் பையைத் திறந்த அதிகாரி, மெஹந்தி கோன் ஒன்றைத் தூக்கிப் பிடித்து இதென்ன என்று கேட்டார். படித்த ஆங்கிலமெல்லாம் பயத்தில் பறந்துவிட்டது. என் உள்ளங்கையிலேயே ஒரு பூ வரைந்து காட்டினேன். சிரித்துக்கொண்டே போகச் சொன்னார். (அந்தப் பயணத்தில் நான் பிழையில்லாமல் போட்டது அந்தப் பூ ஒன்றைத்தான் என்று சாச்சி இன்றைக்கும் சொல்வார்.)

அந்தக் கோடையை நினைத்தால் இப்போதும் மழை வாசனை வருகிறது. மதியம் சொல்லிவைத்தாற்போல மழை கொட்டும். கடையின் பின்னறையில் உட்கார்ந்து மெஹந்தி குழைப்பேன், துண்டு துவைப்பேன், தரை பெருக்குவேன். சாயங்காலம் சாச்சியோடு படகில் அக்கரைக்குப் போய்விட்டு அதே படகில் திரும்புவேன். அங்கே யாருக்கும் நான் ‘பை பட்டறை பாய் பொண்ணு’ இல்லை. அதுவே ஒரு சுகமாக இருந்தது. நான் ‘ஜல்தி’, ‘பேஜார்’ என்றெல்லாம் பேசுவதைக் கேட்டு வாடிக்கையாளர்கள் வியந்தார்கள். இந்தியாவிலிருந்து வந்தவள் பேசுவதால் அது ஏதோ பழைய சுத்தத் தமிழ் என்று ஒரு பாட்டையா நம்பியேவிட்டார்.

அந்த நம்பிக்கைதான் என்னைக் கவிழ்த்தது.

கயல்விழி என்ற அக்கா, தன் கல்யாணத்துக்கு முந்தின நாள் கைகளுக்கு மெஹந்தி போட்டுக்கொள்ள வந்தார். தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அவர் குடும்பத்தில் அந்த வருடம் வரிசையாகக் கல்யாணங்கள் இருந்ததால் சாச்சி அவரை மகாராணி போலக் கவனித்தார். டிசைனுக்குள் மாப்பிள்ளையின் பெயரை ஒளித்து எழுதுவது வழக்கம். மாப்பிள்ளை அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். எல்லாரும் ஆங்கிலத்தில் எழுதச் சொல்வார்கள். கயல்விழி அக்கா மட்டும், “எனக்குத் தமிழ்ல வேணும்லா. வேந்தன்னு எழுதுங்க. எங்க எழுதுறீங்கன்னு எனக்கும் சொல்லாதீங்க, நாங்க சேர்ந்து தேடுவோம்” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சாச்சி, “இந்தியாவுலேந்து வந்த பிள்ள. தமிழ் எழுதுறதுக்கு அவளுக்குச் சொல்லியா குடுக்கணும்?” என்றார். சாச்சி இந்த ஊருக்கு வந்த பிறகு தாராவியையே மறந்துவிட்டார் போலிருக்கிறது. எனக்கோ, தெரியாது என்று சொல்ல வெட்கம். தண்ணீர் குடிக்கப் போவதுபோலப் பின்னறைக்குப் போய், போனில் ஆங்கில எழுத்துகளில் அந்தப் பெயரைத் தட்டினேன்.

ஒரு பெயரைக் கேட்டால் போன் மூன்று கொடுத்தது. மூன்றும் எனக்கு அண்ணன் தம்பிகளாகத் தெரிந்தன. ஒன்றில் முன்னால் இருந்த சுழி சிக்கலாக, இரட்டையாக இருந்தது. கோனில் போட்டால் அப்பிக்கொள்ளும். இன்னொன்றில் சுழி எளிமையாக இருந்தது, நடுவில் கால் ஒன்று அழகாக வளைந்து இறங்கியது. அந்த வளைவில் ஒரு இலையைத் தொங்கவிடலாம். கலைஞர் அல்லவா, அழகானதையே தேர்ந்தெடுத்தேன். முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, கொடிகளுக்கு நடுவே, கயல்விழி அக்காவின் கண்ணுக்கே எட்டாத இடத்தில் அதை வரைந்து முடித்தேன். என் வாழ்நாளிலேயே சிறந்த வேலை அதுதான் என்று படம் எடுத்து உம்மாவுக்கும் அனுப்பினேன்.

மறுநாள் சாயங்கால விருந்துக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் பெயர் தேடும் விளையாட்டு. மேடையில் மாப்பிள்ளை வேந்தன், நல்ல உயரம், கறுப்புக் கோட்டு, முகமெல்லாம் வியர்வை. கயல்விழி அக்காவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் ஓரிடத்தில் நின்றார். குனிந்தார். மறுபடி குனிந்தார்.

பக்கத்தில் நின்ற, கயல்விழி அக்கா பள்ளியின் தலைமையாசிரியை அம்மா, மாப்பிள்ளைக்குக் கண் சரியில்லை என்று நினைத்தாரோ என்னவோ, தன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மைக்கில் எழுத்துக் கூட்டிப் படித்தார். பள்ளிக்கூடத்தில் படிப்பதுபோலவே, ஒவ்வோர் எழுத்துக்கும் அழுத்தம் கொடுத்து.

“வெந்... தான்.”

முன்வரிசையில் ஒரு பெரியவர், “யாரு வெந்தா?” என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டது கடைசி மேஜை வரை கேட்டது.

அதன் பிறகு கிளம்பிய சிரிப்பில் மேஜை விரிப்புகள் ஆடின. என்ன நடந்தது என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. சாச்சியின் முகத்தைப் பார்த்ததும் விளங்கியது. அவர் தட்டிலிருந்த கரண்டியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். வரிசையாக இருந்த கல்யாணங்கள் ஒவ்வொன்றாகக் கைநழுவிப் போவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கயல்விழி அக்கா சிரிக்கவில்லை. பிள்ளைகளின் எழுத்துப் பிழைகளைத் திருத்தியே பழகியவர், தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு அப்படியே எழுந்து ஓடி, முதல் ரயிலைப் பிடித்து, தாராவிக்குப் பக்கத்து மாஹிம் ஸ்டேஷனில் இறங்கிவிட வேண்டும்போல் இருந்தது. நடுவில் ஒரு கடல் கிடந்தது.

அப்போது மாப்பிள்ளை மைக்கை வாங்கினார்.

“சரியாத்தான் எழுதியிருக்காங்க. காலையிலேந்து இந்தக் கோட்டுக்குள்ள வெந்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

சொல்லிவிட்டுக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். கயல்விழி அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் சிரித்த பிறகுதான் நான் மூச்சு விட்டேன்.

விருந்து முடியும்போது என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். கையில் கோனோடு போனேன். அழுதுகொண்டே, கொம்பை இரட்டையாக்கிவிடுகிறேன், காலை ஒரு பூவுக்குள் மறைத்துவிடுகிறேன் என்று சொன்னேன். கயல்விழி அக்கா கையை நீட்டினார். வேந்தன் அண்ணன் தடுத்துவிட்டார்.

“விடும்மா, அழியிற வரைக்கும் இருக்கட்டும். இனிமே என் பேரை யாரும் மறக்க மாட்டாங்க.”

கயல்விழி அக்கா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“தமிழ் எழுத வராதுன்னு ஏன்மா சொல்லல?”

“யாரும் கேக்கலக்கா” என்றேன். அது உண்மைதான். ஆனால் அது பதிலாகாது.

விடுப்பு முடிந்து அவர் பள்ளிக்குப் போனபோது சாயம் இன்னும் போகவில்லையாம். அவருடைய வகுப்புப் பிள்ளைகள் கையைப் பார்த்துவிட்டு, “டீச்சர், எழுத்துப் பிழை” என்றார்களாம். சாச்சியின் கடைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் குடும்பத்தின் மற்ற மணப்பெண்களும் வந்தார்கள். பிழையோடு எழுதச் சொல்லி ஒருத்தி கேட்டபோதுதான் சாச்சி என்னைக் கோனைத் தொடவிடாமல் துண்டு துவைக்க அனுப்பிவிட்டார்.

நான் தாராவிக்குத் திரும்புமுன் செய்தி திரும்பிவிட்டது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உம்மா, “வாம்மா தமிழ்ப் புலவரே” என்றார். காலேஜில் சேர்ந்த முதல் மாதமே, யாருக்கும் தெரியாமல் தமிழ் அரிச்சுவடி ஒன்றை வாங்கி, எகனாமிக்ஸ் புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்தேன். மற்றவர்கள் அந்த வயதில் வேறு எதையெதையோ ஒளித்துப் படித்தார்கள்.

அதெல்லாம் ஆகிப் பல வருடங்கள் ஓடிவிட்டன. விக்ரோலியில் ஆபீஸ், கல்யாணம், குழந்தை என்று எனக்கும் எல்லாம் வந்தாயிற்று. இன்றும் எங்கள் வீட்டில் சோறு குழைந்துவிட்டால் யாரும் குழைந்துவிட்டது என்று சொல்வதில்லை. “இன்னைக்கு வேந்தன்தான்” என்பார்கள். என் வீட்டுக்காரர் வந்த புதிதில், யார் அந்த வேந்தன், தினமும் அவர் பேச்சாகவே இருக்கிறதே என்று கொஞ்சம் சந்தேகத்தோடுகூடக் கேட்டார்.

போன மாதம் கயல்விழி அக்காவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஆண் குழந்தை பிறந்திருக்கிறதாம். “பேர் அகரன். கொம்பு இல்லை, கால் இல்லை. உன்னை மனசுல வச்சுத்தான் தேடிப் பிடிச்சோம். தைரியமா எழுதலாம்” என்று அனுப்பியிருந்தார்.

சந்தோஷத்தில் ஒரு தாளை எடுத்து அந்தப் பெயரைப் பெரிதாக எழுதினேன். அழகாக வந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்த வாப்பா, தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“கடைசி எழுத்துக்குப் புள்ளி எங்கம்மா?” என்றார்.