கைப்பிடி பாயும் ஹாஜியாரின் வலது கையும்

பெரம்பலூரில் லஞ்சம் வாங்கக் கை நீட்டியவர்கள், ஏழை பாழையை அடிக்கக் கை ஓங்கியவர்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஒரு தடவையாவது அவர்கள் மணிக்கட்டைக் கைப்பிடி பாய் பிடித்திருப்பார்.

தொழில் மிக்ஸி ரிப்பேர். நிஜப் பெயர் எனக்கே மறந்துவிட்டது. பக்கத்துக் கடையில் நான் ஜெராக்ஸ் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஒரு பாவத்துக்கு நான் பட்டது கொஞ்சமில்லை.

"அநியாயம் பண்றவனுக்கும் உதவி பண்ணுன்னு நபிகள் சொல்லியிருக்காங்க தம்பி. எப்படி உதவுறது? அவன் கையைப் பிடிச்சு நிறுத்தணும். அதுதான் உதவி" என்பார்.

இதைக் கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவர் ஒருத்தர்தான் நிஜமாகவே போய்க் கையைப் பிடிப்பார்.

வாரிசுச் சான்றிதழ் வாங்கத் துணைக்கு இவரைக் கூட்டிப் போனது என் புத்திகெட்ட வேலை. தாலுகா ஆபீஸ் குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மேஜைக்கடியில் கையை நீட்டினார். பாய் லபக்கென்று பிடித்துக்கொண்டார்.

"யோவ், கையை விடுய்யா!"

"உங்க நல்லதுக்குத்தான் சார் பிடிச்சிருக்கேன்."

சான்றிதழ் கடைசியில் காசில்லாமல்தான் வந்தது. வருவதற்குள் எனக்கே வாரிசுகள் பிறந்துவிட்டார்கள்.

இன்னொரு நாள் கன்னம் வீங்கி வந்து நின்றார். பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிற அம்மாவை அடிக்க ஒரு போலீஸ்காரர் லத்தியை ஓங்கியிருக்கிறார். இவர் போய்ப் பிடித்திருக்கிறார்.

"உங்களுக்கு ஏன் பாய் இந்த வேலை?" என்று கத்தினேன்.

"தப்பு எம்மேலதான் தம்பி. இன்னொரு கை சும்மா இருந்ததை நான் கவனிக்கல."

இந்த மனுஷனை என்ன செய்வது சொல்லுங்கள்.

இதெல்லாம் சில்லறை. எங்கள் இரண்டு கடைக்கும் சொந்தக்காரர் ஒரு ஹாஜியார். பள்ளிவாசல் கமிட்டித் தலைவர், ஏகப்பட்ட லாரிகளுக்கு முதலாளி. அவருடைய மகன் காரை வேகமாக ஓட்டிப்போய், ரோட்டோரம் நின்ற ஒரு கூலித் தொழிலாளியின் காலை உடைத்துவிட்டான். ஸ்டேஷனில் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துப் பேசி முடித்துவிட்டார்கள். "ஓட்டியது நான்தான்" என்று ஹாஜியாரின் டிரைவர் வந்து சொல்ல வேண்டியதுதான் பாக்கி. ஆண்டிமடத்துக்காரரான அந்த டிரைவர் மாட்டேன் என்றுவிட்டார்.

எங்கள் கடை வாசலில் வைத்தே ஹாஜியார் அவரை அடிக்கக் கை ஓங்கினார். வேண்டாம் பாய், இது நம்ம ஓனர் என்று நான் கண்ணைக் காட்டுவதற்குள் பாய் பிடித்துவிட்டார். பிடித்தவர் விடவேயில்லை.

சாயங்கால அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். தலைவர் முதல் வரிசையில் நிற்க வேண்டாமா? ஹாஜியார் இழுத்துக்கொண்டு நடக்க, பாயும் பிடித்த பிடியோடு கூடவே நடந்தார். கடைவீதியில் பார்த்தவர்கள், "ரெண்டு பேரும் என்ன ஒரு பாசம்!" என்று சிரித்தார்கள். பின்னால் டிரைவர், அதற்கும் பின்னால் கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு நான்.

தொழுமுன் பள்ளிவாசல் தண்ணீர்த் தொட்டியில் கை கால் முகம் கழுவி ஒளு செய்யக் கை வேண்டுமே!

"ஹஜ்ரத், இவனை விடச் சொல்லுங்க!" என்று ஹாஜியார் இமாமிடம் கத்தினார்.

இமாம் டிரைவரிடம் நடந்ததைக் கேட்டார். பிறகு தாடியைத் தடவிக்கொண்டு, "ஹாஜியார், அதை முதல்ல முடிச்சுட்டு அப்புறம் கை கழுவுங்களேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பாய் குரலைத் தாழ்த்தினார். "மறுமையில நம்ம வாயை மூடிட்டு, கையைத்தான் பேசச் சொல்வான் அல்லாஹ். இந்தக் கை உங்களைப் பத்தி என்ன சொல்லும் ஹாஜியாரே? எனக்குப் பயமா இருக்குங்க."

நிஜமாகவே அவர் கண் கலங்கியிருந்தது. ஹாஜியார் தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பையனையே அனுப்புறேன். விடுய்யா."

பாய் விட்டார். ஹாஜியார் சொன்னபடியே மகனை ஸ்டேஷனுக்கு அனுப்பினார். கையோடு எங்கள் இரண்டு பேரையும் கடையைக் காலி செய்து அனுப்பினார்.

நான் என்ன பாவம் செய்தேன்? சாமான்களை வேனில் ஏற்றும்போது வாய்க்கு வந்தபடி திட்டினேன். பாய் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "ஹாஜியார் கோவம் நியாயம்தான் தம்பி. நான் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சுட்டேன்" என்றார்.

இப்போது அவர் அரியலூரில் கடை போட்டிருக்கிறார். எங்கள் வீட்டு மிக்ஸி ரிப்பேரானால் அதைப் பையில் போட்டுக்கொண்டு அரியலூருக்குப் பஸ் ஏறுகிறேன். "ஏன், இந்த ஊர்ல ஆளே இல்லையா?" என்று வீட்டுக்காரி கேட்கிறாள். அவள் கேட்பதும் சரிதான். பாய் பார்த்துக் கொடுக்கிற மிக்ஸி ஒரு மாசம் தாங்காது.

தாங்காமல் இருப்பதுதான் எனக்கும் வசதி.