ராசாத்திக்கு நான் வைத்த விருந்து

நான் மெத்தப் படித்தவன். அந்தப் படிப்பால் ஒரு வாயில்லாச் சீவனைக் கொல்லப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணமான வருஷம், சாரலில் குளித்துவர என்னையும் மனைவி கோமதியையும் மாமனார் தென்காசியிலிருந்து தன் குதிரை வண்டியில் குற்றாலத்துக்கு அனுப்பினார். பெண்ணைக் கொடுக்க ரெண்டே நாள் யோசித்தவர், ராசாத்தி என்ற அந்தக் குதிரையைக் கொடுக்க ஒரு வாரம் யோசித்தார். (தப்பே இல்லை.)

வண்டிக்காரர் மீரான் சாயபு ஒரு நாள் கடையநல்லூரிலுள்ள தன் வீட்டுக்குப் போய்வர வேண்டியிருந்தது. "புல்லு மட்டும் குறையாம போடுங்க மாப்ள. கொள்ளு ரெண்டு கை போதும்" என்று சொல்லிப் போனார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. புது மாப்பிள்ளையான எனக்கு வேளைக்கு வேளை நெய்யும் வடையும்; என்னைச் சுமந்து வந்தவளுக்கு வெறும் புல்லா? புல்லுக்கட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, கொள்ளை வேகவைத்து வாளி வாளியாக வைத்தேன்.

"ஏங்க, போதுங்க" என்றாள் கோமதி.

"சும்மா இரு! விருந்துக்கு யாராவது அளவு பார்ப்பாங்களா?"

மறுநாள் ராசாத்தி படுத்துப் புரண்டாள். எழுந்து தன் வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மாமனாருக்கு ஆள் அனுப்பினாள் கோமதி.

மத்தியானம் திரும்பிய சாயபு என்னைத் திட்டக்கூட இல்லை. குதிரையின் விலாவில் காதை வைத்தார். அவர் முகம் செத்துப்போயிற்று.

"ஒரு சத்தமும் இல்லயே மாப்ள! இதுக்குப் புல்லுதான் சோறு, கொள்ளு தொட்டுக்கத்தான். நாளெல்லாம் புல்லை மென்னுக்கிட்டே இருந்தாத்தான் குடல் ஓடும். குடல் நின்னா உசுரு நிக்காது. கயித்தப் பிடிங்க, நடத்துங்க!"

அருவிக்கும் நாங்கள் தங்கியிருந்த சத்திரத்துக்குமாகச் சாரலில் நனைந்தபடி நடத்தினோம். பண்பொழி மலைக் குமரனுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். சாயங்காலம் சாயபு மறுபடி காதை வைத்தார். பிறகு என் தலையைப் பிடித்து அங்கே அழுத்தினார். "கேளுங்க."

உள்ளே ஏதோ தூரத்தில் உருண்டது. நெருங்கியது. தடதடவென்று இறங்கியது. யம்மாடி! ஒரு காதில் குற்றாலத்து அருவி, மறு காதில் ராசாத்தியின் வயிறு. ரெண்டும் ஒரே சத்தம். வெறும் புல்லைத் தின்று இத்தனை பெரிய அருவியைச் சுமந்து நடக்கிறாளே என்று எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

உடனே ராசாத்தி வாலைத் தூக்கி லத்தி போட்டாள். "பொழச்சிட்டா!" என்று சாயபு கத்தினார். நான் கண்ணில் நீரோடு கைகூப்பி நின்றேன்.

அந்த நேரம் பார்த்தா மாமனார் வந்து சேரணும்? லத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏட்டி கோமதி, உம் மாப்பிள்ள எதைக் கும்பிட்டுட்டு நிக்காரு?"

இன்றைக்கும் விருந்தில் என் கை வடைப் பக்கம் போனால், கோமதி கீரையைத்தான் முதலில் தள்ளுவாள். வேண்டாம் என்றால் போச்சு. பேரப்பிள்ளைகள் ஓடிவந்து என் வயிற்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "சத்தமே இல்ல ஆச்சி, தாத்தாவ நடத்துங்க!" என்று கத்துகிறார்கள்.