முனையால் எதையும் குத்தாதீர்கள்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும், எங்கள் இருபது கைவிரல்களும் இந்த நிமிடம் வரை நலம். கால்விரல் பற்றிப் பிறகு வருகிறேன். அங்கே நீங்களும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள், உங்கள் வீட்டம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போனில் சொல்வதற்கு என்ன, கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் பேசினால் உங்கள் தங்கை காதில் விழும். அவள் காது அப்படியே உங்கள் அம்மாவின் காது. தவிர, அந்தக் கத்தி என் கைக்கு வந்த நாளிலிருந்து நீங்கள் என் போனை எடுப்பதில்லை. உங்கள் கோபம் நியாயம்தான். மாமா ஓட்டல் அடுப்படியில் ஆயுள் முழுக்கத் தலைமைச் சமையற்காரராக இருந்து சேர்த்த கத்திகளையெல்லாம் சாப்பாட்டு மேசையில் துண்டு விரித்துப் பரப்பி, "செத்தப்புறம் பங்கு போட்டா நீங்க சண்டை போடுறத நான் பாக்க முடியாது, இருக்கும்போதே கொடுத்தா அதையும் பாத்துட்டுப் போவேன்" என்று சொன்னாரே, அப்போது மூத்த மகன் உங்களுக்கு ரொட்டிக் கத்தியும் சாணைக்கம்பியும், எங்கிருந்தோ வந்த எனக்கு அந்த நீளக் கத்தியும் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? அதுவும் மாமாவுக்கு அவருடைய மாமனார் கொடுத்த கத்தி. நீங்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினீர்கள். நான் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் மாமா என் தோளில் கை வைத்து, "மாப்ள, இனி இது உங்க பொறுப்பு" என்று சொல்லிவிட்டார். கல்யாணமான நாள் முதல் "அவரு சாப்ட்டாரா", "அவரு கெளம்பிட்டாரா" என்று சுவரைப் பார்த்தே என்னை விசாரித்தவர், முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து மாப்ள என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் பீரங்கியைக் கொடுத்திருந்தாலும் வாங்கித் தலைமாட்டில் வைத்திருப்பேன்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "முனையால மட்டும் எதையும் குத்தாதீங்க மாப்ள. கத்தியோட வயித்தால வெட்டுங்க. முனைப்பக்கமே போகாதீங்க." சொல்லும்போது அவர் குரல் நடுங்கியது. என்ன ஒரு தொழில் பக்தி என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் எப்பேர்ப்பட்ட வீரன் என்று உங்களுக்குத் தெரியும். காப்பீட்டு அலுவலகத்தில் விபத்து மனுக்களைப் படிப்பது என் பிழைப்பு. பூசணிக்காய் வெட்டப்போய் கட்டைவிரலை வெட்டிக்கொண்டவர், கை நழுவிய கத்தியைக் காலால் தடுத்தவர், கத்தியும் கையுமாகத் தும்மியவர் என்று நாள் முழுக்கப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அடுப்படியில் அது என்னைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறது. இழுப்பறையில் வைத்தால் தெரியாமல் கை விட்டுவிடுவோம், பரணில் வைத்தால் தலையில் விழும் என்று பயந்து, பீரோவில் துணிகளுக்கு நடுவே செருகி வைத்தேன். அது என் புதுச்சட்டையை முதுகுப்பக்கம் இரண்டாக வகிர்ந்துவிட்டது. உங்கள் தங்கை என்னங்க இது என்றாள். எலி என்றேன். அவள் அன்றைக்கே எலிப்பொறி வாங்கி பீரோவுக்கு அடியில் வைத்துவிட்டாள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, மறுநாள் சட்டை எடுக்கப்போன என் கால் பெருவிரல்தான் அந்த எலி. இன்னும் வீக்கம் வற்றவில்லை.

அப்புறம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஒரு பாட்டில் கார்க்கை எடுத்துக் கத்தி முனையில் செருகி வைத்தேன். குத்தவில்லை மச்சான், செருகினேன், அதுவும் மெதுவாக. பல நாளைக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டேன். அது பொறுக்காமல் மாமா போன் செய்தார். "ஞாயித்துக்கெழம உங்க அத்தையோட வர்றேன் மாப்ள. அவங்கப்பா கத்திய நீங்க எப்படி வச்சிருக்கீங்கன்னு பாக்கணுமாம்." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. எதற்கும் பழகிக்கொள்வோம் என்று ஒரு வெங்காயத்தை எடுத்து வைத்துக்கொண்டு கார்க்கை இழுத்தேன். கார்க் வந்தது. கூடவே முனையும் வந்துவிட்டது. ஒரு சத்தம்கூட வரவில்லை. பால் பல் விழுகிற மாதிரி வந்துவிட்டது மச்சான்!

முனையைத் தீப்பெட்டியில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். அலுவலகத்தில் ஒருவர் சிகரெட்டுக்குத் தீப்பெட்டி கேட்டார். இல்லை என்றேன். பையில் தெரியுதே என்றார். தீப்பெட்டிதான், ஆனா தீப்பெட்டி இல்லை என்றேன். அவர் இப்போது வேறு மேசைக்கு மாறிவிட்டார். சாயங்காலம் பாத்திரக்கடைக்குப் போனேன்.

"நீளமா ஒரு கத்தி வேணுங்க. நல்ல கூரா."

"எதுக்கு சார்?"

"மாமனார் ஞாயித்துக்கெழம வர்றாரு."

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார், எதுவா இருந்தாலும் ஒக்காந்து பேசித் தீத்துக்கலாமே" என்று சொல்லி, கண்ணாடிப் பெட்டியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்.

ஆகவே உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். உங்கள் ஊர் பெரிய ஊர். கறுப்பு மரப்பிடி போட்ட, அதே நீளத்தில் ஒரு கத்தி பார்த்து வாங்கி ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பிவையுங்கள். என்மேல் இருக்கும் கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். கத்தி போனால் போகிறது மச்சான். அந்த மாப்ள போய்விடும். மறுபடியும் சுவரைப் பார்த்து "அவரு" என்பார். அதுதான் எனக்குப் பயம். வேறு ஒன்றும் இல்லை.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்லவும். பிள்ளைகள் கூரான எதன் பக்கமும் போகாமல் நீடூழி வாழ்க.

நடுக்கத்துடன்,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது வாசல் மணி அடித்தது. மாமா, தனியாக. "எம் பொண்ணு எங்க?" என்றார். கடைக்குப் போயிருப்பதாகச் சொன்னேன். "நல்லதாப் போச்சு. கத்திய எடுங்க." எடுத்தேன். தீப்பெட்டியையும் எடுத்துத் திறந்து காட்டினேன். காலில் விழலாம் என்றால் எங்கள் அடுப்படியில் அதற்கு இடமில்லை. மாமா அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஒட்டுனது விட்டுப்போச்சா?" என்றார்.

கல்யாணமான புதிதில் அவரே ஒரு டப்பாவைத் திறக்கப்போய் முனையை உடைத்தாராம். ஈயம் வைத்து ஒட்டித் தேய்த்து வைத்திருந்தாராம். "என் மாமனார் வாராவாரம் கத்தியப் பாக்க வருவாரு மாப்ள. முனைய ஒரு முட்டைக்கோசுக்குள்ள செருகியே வச்சிருப்பேன். அவரு செத்தப்ப நான் அழுத அழுகையப் பாத்து எல்லாரும் மெச்சினாங்க. பாதி துக்கம், பாதி நிம்மதி. ஆனா உங்க அத்தை இருக்காளே! நான் கண்ண மூடினா மொத வேலையா அவங்கப்பா கத்திய எடுத்துத் தொடைப்பா. தொடைச்சா கையோட வந்துடும். செத்தும் திட்டு வாங்கணுமா? அதான் உசுரோட இருக்கும்போதே கைமாத்தி விட்டேன்."

ஏன் என்னிடம் என்று கேட்டேன். "நீங்க பயந்த ஆளு, பூட்டி வச்சிட்டுத் தொடவே மாட்டீங்கன்னு நெனச்சேன். பெரியவன்னா அன்னைக்கே எதையாவது குத்தியிருப்பான்." இது அவர் சொன்னது மச்சான், நான் சொன்னதில்லை. பிறகு இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பசை வைத்து ஒட்டினோம். "மூச்சு விடாதீங்க மாப்ள" என்றார். நான் விடவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் மூச்சடக்கியதே கிடையாது.

ஆகவே மேலே கேட்ட கத்தியை வாங்க வேண்டாம். முறைப்படி மூத்த மகனுக்குச் சேர வேண்டியது இது என்று மாமாவும் நானும் மனதார முடிவு செய்து, இத்துடன் பொட்டலம் கட்டி அனுப்பியிருக்கிறோம். அத்தைக்கு மாமா இங்கிருந்தே போனில் சொல்லிவிட்டார். அவர்களுக்கு ஆனந்தக் கண்ணீராம். ஞாயிற்றுக்கிழமை இங்கே வரவில்லை, நேராக உங்கள் வீட்டுக்குத்தான் ரயில் ஏறுகிறார்கள். அப்பா கத்தியை ஆசை தீரத் துடைத்து வைக்க வேண்டுமாம்.

முட்டைக்கோஸ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முனையால் மட்டும் எதையும் குத்தாதீர்கள் மச்சான்.