நாலு துளையா, நீளக் கீறலா

மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, ஒரு மணி நேரமாகியும் பொன்னுவேல் அந்த ஆபரேஷன் விவரத் தாளின் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை.

மனைவி பாண்டிச்செல்வியின் கல்லீரலில் எலுமிச்சை அளவு கட்டி. அந்தப் பகுதியை வெட்டி எடுக்க இரண்டு வழி: வயிற்றைத் திறப்பது, அல்லது நாலு துளை போட்டுக் கருவியை விடுவது. விடியலில் ஸ்கேனுக்குக் கிளம்பும்போது அவள்தான் தாளைக் கையில் திணித்தாள்.

"முழுசாப் படிச்சுட்டு எதுன்னு சொல்லுங்க. நீங்க சொல்றதுதான்."

எழுத்தே அவள் போட்ட பிச்சை. அவருக்கு முப்பது வயதானபோது, கூக்கால் மலைத் தோட்டத்துப் பேரிக்காய்ப் பெட்டியில் கரியால் 'அ' எழுதிக் காட்டினாள். மகள் ரம்யா பிறந்த அன்று, வலியிலும் வாசலில் கிடந்த உர மூட்டையைக் காட்டி, "அதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சுட்டு உள்ள வாங்க" என்றாள். அவர் மூன்றாவது வரியில் இருக்கும்போதே உள்ளே பிள்ளை அழுதுவிட்டது. இன்றும் உர மூட்டையைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு வரும்.

துணைக்கு வந்திருந்த ஜாபர் அலியைக் கேட்டார். பெருமாள்மலையில் கறிக்கடைக்காரர்.

"தெறந்துதான் மாமா வெட்டணும். முப்பது வருசமா ஈரல் அறுக்குறேன், வழுக்கும். தொளை வழியா எவன் அறுத்தான்?"

"உங்க ஆடு எந்திரிச்சு வீட்டுக்கு நடக்கணுமா பாய்?"

சந்தேகம் தீரட்டும் என்று, கூக்காலில் மரம் கவாத்து செய்யும் குமரகுருவுக்குப் போன் போட்டார்.

"தொளைதாண்ணே! கொறைச்சு வெட்டுனா வெரசாத் துளிர்க்கும். ஈரலும் வளருமாம்ல?"

"ஏலே, அது என்ன பேரி மரமா?" ஜாபர் போனைப் பிடுங்கினார்.

சத்தத்தில் வராந்தாவே இரண்டு கட்சியானது. ஒருவர் சட்டையைத் தூக்கி முழ நீளத் தழும்பைக் காட்டினார். ஒரு அம்மா தன் மருமகனின் துளைகளை விரல் விட்டு எண்ணினாள். பொன்னுவேல் தாளோடு மூலைக்கு ஒதுங்கினார். தப்பாகச் சொல்லி அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

மறுபடி முதல் வரியில் விரலை வைத்தார். கடைசி வரியைத் தொட்டபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. நேரே நர்ஸ் ஷிபானாவின் முன்னால் போய், பரீட்சை எழுதியவர் போல நின்றார்.

"தொளைதாம்மா. ரத்தம் கொறைச்சலாத்தான் போகுமாம். வெரசா நடக்கலாமாம். எம் பொண்டாட்டிகிட்டச் சொல்லணும். ஸ்கேன் முடிஞ்சுதா?"

ஷிபானா சிரித்தாள். "ஆபரேஷனே முடிஞ்சிருச்சுங்க ஐயா, தொளைதான். நேத்தே கையெழுத்துப் போட்டுட்டாங்க. நல்லா இருக்காங்க. கண்ணு முழிச்சதும் ஒண்ணுதான் கேட்டாங்க, 'அவரு எத்தனாவது வரியில இருக்காரு?'ன்னு."